தொட்ட குதிரை

அவருக்குப் பயம் எப்போது பிடித்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கூடவே பிறந்திருக்க வேண்டும். தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி ஓடி வருவார். அடுப்பை அணைத்த பிறகும் குனிந்து மோந்து பார்ப்பார். தன் கல்யாண மேடையில் ஏறுவதற்கு முன்னால் அதன் காலை ஆட்டிப் பார்த்த மாப்பிள்ளை உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த மணப்பெண் இத்தனை வருஷமாகியும் நிறுத்தவில்லை. வெளியே கிளம்பினால் அந்த அம்மாள் தெருமுனையில் தானாகவே நின்றுவிடுவார். இவர் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான்.

இப்படிப்பட்ட மனுஷன் பிழைப்புக்குப் பிடித்த வேலையைப் பாருங்கள்: லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு எண்ணெய்க் கறையோடு கம்பி வடத்தைத் தடவித் தடவிப் பார்க்கிற வேலை. மற்ற மெக்கானிக்குகள் டார்ச்சை அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் துணியைச் சுற்றிக்கொண்டு வடத்தை அங்குலம் அங்குலமாக உருவுவார். எங்காவது ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் சிக்கும். சிக்கிவிட்டால் போச்சு, அன்றைக்கு அந்த லிஃப்ட் ஓடாது. கட்டடத்துக்காரர்கள் கத்துவார்கள். கத்தட்டுமே! கம்பெனி பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லத்துக்கும் இவரைத்தான் அனுப்பியது. பயந்தாங்கொள்ளி என்று அவரைக் கிண்டல் செய்த மேனேஜரே தன் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கேட்டு வாங்கினார்.

டீ டம்ளரைப் பிடித்தால் அவர் கை நடுங்கும், சட்டையில் கொட்டிக்கொள்ளாமல் அவர் டீ குடித்ததே கிடையாது.

செஸ்ஸிலும் அவர் அப்படித்தான். சலூன்காரர் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். சலூனின் பின்னறையில் ஒரு போர்டு உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடுவார்கள். அங்கே அவருக்கு வைத்த பெயர் ஆமை. வெள்ளைக் காயில் ஆடுகிறவர் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சினால், ஆமை தன் பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மெல்லத் தள்ளுவார். கேரோ-கான் என்று அதற்குப் பெயர். வீரசூரர்கள் ஆடுகிற ஆட்டமில்லை. முதலில் ஒரு முட்டு கொடுப்பது, அதன் பலத்தில் நடுவில் ஒரு சிப்பாயை நிறுத்துவது, கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடிய பிஷப்பை வெளியே அனுப்பிவிடுவது, அப்புறம் உட்கார்ந்துகொள்வது. எதிராளி முட்டிப் பார்த்துச் சலித்துப் போய் டிரா கேட்கும்வரை உட்கார்ந்திருப்பது. "உன்கூட ஆடறதுக்குச் சுவத்துல தலைய முட்டிக்கலாம்யா" என்பார் சலூன்காரர்.

அந்த ஆமையின் வீட்டில்தான் இப்போது வெள்ளம் புகுந்தது போலாகிவிட்டது. மனைவிக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. அப்புறம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே வாங்கியது. சிரித்தால்கூட வாங்கியது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆபரேஷன்தான் வழி, தள்ளிப் போடுவது நல்லதில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியாயிற்று. செய்யப் போகிறவர் ஒரு பெண் டாக்டர், அந்த ஆஸ்பத்திரியிலேயே கைராசிக்காரர் என்று பேர்.

மனைவி எப்போதோ சரி என்று சொல்லிவிட்டார். சொல்லாதவர் இவர்தான். "இன்னொரு டாக்டரையும் பாத்துடலாமே", "வெயில் கொஞ்சம் தணியட்டுமே" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, திங்கக்கெழம காலையில சொல்லணுமாம். இல்லன்னா படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார் மனைவி. "நீங்க தலையாட்டாம நான் போய்ப் படுக்க மாட்டேன், ஆமா."

"யோசிக்கறேன்."

"வீட்ல உக்காந்து என் மூச்ச எண்ணிக்கிட்டு யோசிக்க வேணாம். டோர்னமெண்ட்டுக்குப் பேர் குடுத்தீங்கல்ல, போய் ஆடிட்டு வாங்க. நான் அதுக்குள்ள ஒண்ணும் போயிட மாட்டேன்."

"அபசகுனமாப் பேசாதே!" என்று பதறிக்கொண்டு செருப்பை மாட்டினார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பூட்டையல்ல, ஜன்னல் வழியாக மனைவியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

போட்டி நடந்தது நூலகத்துக்கு மேல்மாடிக் கூடத்தில். நீள மேஜைகள், மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாள்கள், பேச்சுச் சத்தமே இல்லாத கூட்டம். கடைசிச் சுற்றுக்கு யாருக்கு யார் என்று சுவரில் ஒட்டினார்கள். தன் பெயருக்கு எதிரே இருந்த பெயரைப் படித்தவர், விரலை வைத்து மறுபடியும் எழுத்து எழுத்தாகப் படித்தார். பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறாக இருக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மேஜைக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருந்தவர் அதே டாக்டர்தான். வெள்ளைக் கோட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதான். ஆஸ்பத்திரியில் இவர் எப்போதும் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எடை பார்க்கும் மெஷினையே வெறித்துக்கொண்டிருப்பார். டாக்டர் புன்னகையோடு கை கொடுத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேய் எதிரிலேயே உட்கார்ந்து கடிகாரத்தை அழுத்துகிறது! ஜெயித்துவிட்டால் அந்தக் கோபத்தோடு கத்தியைப் பிடிப்பாரோ என்று ஒரு பயம். வேண்டுமென்றே தோற்றுவிடலாமா என்று ஒரு யோசனை. கை மட்டும் பழக்க தோஷத்தில் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, நடுவில் முட்டுக் கொடுத்து, பிஷப்பை வெளியே அனுப்பி, ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் உட்கார வைத்தது.

டாக்டர் ஆடிய விதத்தைப் பார்த்ததும் பழைய பயமெல்லாம் போய்ப் புதுப் பயம் வந்தது. அப்படி ஒரு வேகம்! ஓரத்துச் சிப்பாயை விரட்டிவிட்டார். குதிரையை முன்னால் ஓட்டினார். யோசிப்பதற்கு முன்பே கை காய்க்கு மேலே போய்விட்டது. போன கை நடுங்கியது. ஆமாம், நன்றாகவே நடுங்கியது. காயைக் கட்டத்தில் வைத்தபோது அது கடகடவென்று மரத்தில் தட்டியதை இவர் தன் காதால் கேட்டார். இந்தக் கையா? அவள் நெஞ்சைத் திறக்கப் போவது இந்தக் கையா?

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்களேம்மா" என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் தன் பிஷப்பைத் தூக்கி, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை அடித்தார். முழு பிஷப்பையும் தூக்கிக் கொடுத்து ஒரு சிப்பாய்! சூதாட்டக்காரர்கள் செய்கிற காரியம். திங்கட்கிழமை காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தார். அந்த முடிவில் நிம்மதி வரவில்லை, இன்னும் அதிகமாகத்தான் வியர்த்தது. மாட்டேன் என்றால் அப்புறம் வேறு எங்கே போவது? அவளுக்கு அதுவரை மூச்சு தாங்குமா?

பிஷப்பை வெட்டினார். வெட்டாமல் இருக்க வழியில்லை. டாக்டரின் ராணி உள்ளே நுழைந்தது. இவர் ஒரு குதிரையைக் குறுக்கே நிறுத்திவிட்டு, கடிகாரத்தை அழுத்திவிட்டு, அந்த நகர்வைத் தாளில் எழுதக் குனிந்தார். எழுதும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் யானையை ஒரு வரிசை பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், கதை முடிந்தது. தப்பிக்க வழியே இல்லை. பேனாவைப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோய், கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

டாக்டரின் கை மடியில் இருந்தது. போர்டில் எதுவும் நகரவில்லை. ஆனால் அவர் கண் அந்த யானையின் மேல் இருந்தது. பார்த்துவிட்டார். இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் ஏன் அடிக்கவில்லை என்பதுதான் புரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் போர்டுக்குள் மூழ்கிக் கிடந்தார்கள். நடுவர் கூடத்தின் மறுகோடியில் யாருக்கோ கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டாக்டர் நீளமாக மூச்சை விட்டார்.

"நான் குதிரையத் தொட்டுட்டேன்" என்றார். "கையில எடுத்துட்டேன். எடுத்தப்புறந்தான் யானை கண்ணுல பட்டுச்சு. திரும்ப வச்சுட்டேன்."

தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். செஸ்ஸில் அதை மீறிய நியாயம் கிடையாது. ஆனால் தொட்டதை யாராவது பார்த்திருந்தால்தானே!

"நான் பாக்கலீங்களே" என்றார் இவர்.

"நான் பாத்தேனே" என்றார் டாக்டர்.

குதிரையை எடுத்து வேறொரு கட்டத்தில் வைத்தார். அதற்கு நல்ல கட்டமே இல்லை. எங்கே போனாலும் அது காத்த கட்டம் திறந்துகொள்ளும், திறந்தால் இவருடைய ராணி காவலுக்கு வந்துவிடும். வந்தது. அவ்வளவு பெரிய படையெடுப்பும் ஒரே நகர்வில் நின்றுபோயிற்று. இப்போது இவர் கையில் ஒரு பிஷப் அதிகம்.

வழக்கமான ஆமையாக இருந்தால் என்ன செய்திருக்கும்? காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பிஷப்பை வைத்து நிதானமாக ஜெயித்திருக்கும். அவருக்கோ அன்றைக்கு ஜெயிப்பதில் நாட்டமே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், சறுக்காத கை எங்கேயும் கிடையாது, வடத்தைத் தடவுகிறவருக்கு அது தெரியாதா? சறுக்கின பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக ஆமை தலையை நீட்டியது. ராஜாவைக் காத்து நின்ற சிப்பாயையே முன்னால் தள்ளினார். பயந்துகொண்டேதான் தள்ளினார்.

டாக்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அடம்பிடிக்கிற குழந்தையைப் பிடித்து உட்கார வைப்பது போல இருந்தது. யோசித்து முடிக்கும்வரை கை வெளியே வரவில்லை. முகத்தில் தவித்த அவசரம் எங்கோ போய்விட்டது. எது போய்விட்டதோ அதைப் பற்றி அழாமல், எது மிச்சமிருக்கிறது என்று தேடுகிற முகம். யானையைப் பின்னால் இழுத்தார். குதிரையை வீட்டுக்குக் கூப்பிட்டார். இவர் ஒரு பக்கம் குத்தினால் அங்கே அடைத்தார், இன்னொரு பக்கம் குத்தினால் அங்கேயும் அடைத்தார். கடிகாரத்தில் நேரம் கரையக் கரைய, டாக்டர் இன்னும் மெதுவானாரே தவிர பதறவில்லை. தப்பித்துவிட வேண்டுமே, எப்படியாவது தப்பித்துவிட வேண்டுமே என்று எதிராளிக்காக வேண்டிக்கொண்டு ஆடியவர் செஸ் சரித்திரத்தில் இவராகத்தான் இருப்பார்!

கடைசியில் இவர் திறந்துவிட்ட சந்திலேயே டாக்டரின் ராணி நுழைந்தது. செக். ராஜா ஒதுங்கியது. மறுபடி செக். மறுபடி ஒதுங்கியது. அதே இடம், அதே செக். ஓடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது, ஒரே நிலை மூன்று தரம் வந்தால் ஆட்டம் சமம்.

"டிரா" என்றார் டாக்டர். கையெழுத்துப் போடும்போது அவர் கை மறுபடியும் நடுங்கியது. "காயெல்லாம் மாத்தியிருந்தீங்கன்னா நான் காலி. ஏன் மாத்தல?"

இவர் எழுந்துவிட்டார். கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் காத்திருந்த சலூன்காரர் பிடித்துக்கொண்டார்.

"யோவ் ஆமை! ஒரு முழு பிஷப்ப வச்சுக்கிட்டு டிரா விட்டியா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலயே! உனக்கு என்னய்யா ஆச்சு?"

"வீட்டுக்குப் போகணும்" என்றார் இவர்.

வீட்டில் மனைவி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவர் செருப்பைக் கூடக் கழற்றாமல், "சரின்னு சொல்லிடு" என்றார். அப்புறம்தான் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் மறுபடி பயம் வந்துவிட்டது. "ஆனா கை நடுங்குதுடி. நானே பாத்தேன். கடகடன்னு நடுங்குது."

"ஒங்க கை நடுங்காதா? இந்த வீட்ல எந்தச் சட்டையில டீக் கறை இல்ல, சொல்லுங்க? அதே கையோடதான பத்தாவது மாடியில நிக்கறீங்க?" மூச்சு வாங்க நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "தொட்டுட்டேன்னு தானாவே சொன்னாங்கல்ல? எனக்கு அது போதும்."

ஆபரேஷன் அன்று மனைவியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். இவர் லிஃப்டின் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"பிரேக் லேசாத் தேய்ஞ்சிருக்கு."

"அப்போ நீங்க அதச் சரி பண்ணிட்டு வாங்க, நான் மேல போய்ட்டிருக்கேன்" என்றார் மனைவி. தள்ளுவண்டிக்காரர் சிரித்தார். இவரால் சிரிக்க முடியவில்லை. மனைவியின் விரல்களை விடவும் முடியவில்லை.

மேலே கதவருகே டாக்டர் வந்தார். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி. இவரைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார்.

"நீங்க... கேரோ-கான்?" என்று கேட்டார். "ஐயோ, இவங்க வீட்டுக்காரரா நீங்க? அன்னிக்குச் சொல்லவே இல்லையே!"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்குந்தான். போர்டு முன்னாடி உக்காந்தா இன்னிக்கும் எனக்கு உதறும்."

"இங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இங்கயும் பயம் இருக்கும். ஆனா கைக்கு வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் வந்தது, போனது. கூட உட்கார்ந்திருந்த சலூன்காரர் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தார், மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு அவரும் கதவையே பார்க்க ஆரம்பித்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி எதிர்ச்சுவருக்கு ஏறியது. ஒரு நர்ஸ் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். ஏன் ஓடினார்? கேட்க எழுந்தவர், பதிலுக்குப் பயந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான்தானே தலையாட்டினேன், நான்தானே சரி என்றேன் என்று வாய் தானாக முணுமுணுத்தது. லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அதன் மணிச்சத்தத்துக்கு நெஞ்சு தூக்கிப் போட்டது. வாழ்நாளெல்லாம் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் வெறும் ஒத்திகை என்று அவருக்குத் தோன்றியது.

கதவு திறந்து டாக்டர் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே இவருக்குத் தைரியமில்லை. கையைப் பார்த்தார். கை ஆடாமல் இருந்தது.

"நல்லா இருக்காங்க" என்றார் டாக்டர் முதலில். "உக்காருங்க. இன்னொண்ணும் சொல்லணும். புது வால்வு வச்சு முடிச்சுட்டோம், மூடறதுக்கு முன்னாடி பாத்தா ஓரத்துல ஒரு எடத்துல ரத்தம் கசிஞ்சது. ஒரு தையல் சரியா உக்காரல. நான் போட்ட தையல்தான். மறுபடியும் இருதயத்த நிறுத்தி, மெஷின்ல போட்டு, தையலப் பிரிச்சு, திருப்பித் தச்சோம். அதுதான் இவ்வளவு நேரம். இப்ப கசிவு இல்ல, ரெண்டு தரம் பாத்துட்டேன்."

சலூன்காரர் வாயைப் பிளந்தார். "இதையெல்லாம் நீங்க சொல்லலன்னா எங்களுக்கு எங்கங்க தெரியப் போகுது?"

டாக்டர் இவரைப் பார்த்தார். இவரும் டாக்டரைப் பார்த்தார். அப்புறம் அந்த மனுஷன், பத்தாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தும் அழாதவர், சலூன்காரர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

மனைவிக்குப் பேச்சு வந்தது மறுநாள். இவரை ஒரே ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், கையில் குழாய். இவர் முதலில் குனிந்து கட்டிலின் காலை ஆட்டிப் பார்த்தார், அப்புறம்தான் கிட்டே போனார்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்றது குரல், காற்று மாதிரி.

"ம்."

"இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி" என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டார். "வேற யாரோ என்னவோன்னு பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மனைவிக்கு மூச்சு வாங்கவில்லை.